எண்ணிக்கை மட்டும் எழுதப்பட்டவர்கள்

புக்கரெஸ்டில் நடந்த ஒரு எழுத்தாளர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கென்று எட்டு நாள் பண்பாட்டுப் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு வேன். எங்களோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். வழிகாட்டியாக ஒரு இளம்பெண். ஆளுக்கொரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். மடாலயங்கள், கோட்டை நகரங்கள், ஓவியத் தேவாலயங்கள், நாட்டுப்புறக் கைவினை, ராத்திரி விருந்தில் கிராமிய இசை. தாளின் இரண்டு பக்கமும் அரசர்கள் பெயரும் ஆண்டுகளும்தான். அந்த அரசர்களுக்கும் மடாலயங்களுக்கும் ஏறக்குறைய ஐந்நூறு வருசம் அடிமைகளாக உழைத்த ரோமா சனங்களைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

கிளம்புவதற்கு முன்னாலேயே நான் கொஞ்சம் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதனால் வழிகாட்டி ஒரு இடத்தைக் காட்டும்போதெல்லாம் என் நோட்டில் அந்த இடத்துக்கு என்ன எழுதியிருக்கிறதென்று புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

ரோமா என்றால் யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் 'ஜிப்சி' என்று சினிமாவிலும் கதைகளிலும் பார்த்துப் பழகியவர்கள்தான். பாவாடை, கழுத்து மணி, குறி சொல்வது, கூடாரம், நெருப்பைச் சுற்றி ஆட்டம். எந்த நாட்டுக்கும் எந்த எசமானுக்கும் கட்டுப்படாத சுதந்திரப் பறவைகள் என்று அவர்களைப் பற்றி ஐரோப்பியர்கள் எழுதி எழுதி நம்மையும் நம்ப வைத்துவிட்டார்கள். இந்தக் 'கட்டற்ற நாடோடி' என்ற படம் எவ்வளவு பெரிய மறைப்பு என்பதை முதல் நாளே பார்த்தேன்.

1. மடாலயமும் மானியமும்

புக்கரெஸ்டிலிருந்து வடமேற்கே போனால் ஓல்ட் ஆறு மலையை அறுத்துக்கொண்டு வருகிற பள்ளத்தாக்கு. ஆற்றங்கரையிலேயே கோசியா மடாலயம். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாலாக்கியா நாட்டை ஆண்ட மிர்ச்சா கட்டியது. அவன் கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது. வழிகாட்டி துருக்கியரை எதிர்த்து மிர்ச்சா நடத்திய சண்டைகளைச் சொன்னார். கல்லில் செதுக்கிய சன்னல் சட்டங்களைக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தன.

என் நோட்டில் இருந்தது இது: 1388இல் மிர்ச்சா இந்த மடாலயத்துக்குக் கொடுத்த மானியத்தில் 300 'சலாஷ்' ஜிப்சிகள் அடக்கம். சலாஷ் என்றால் கூடாரம், குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். கிராமம், மீன்பிடி உரிமை, இவற்றோடு 300 குடும்பம்.

வழிகாட்டியிடம் கேட்டேன். "இந்த மடாலயத்துக்கு அடிமைகள் இருந்தாங்களாமே?"

"ஜிப்சிகளைச் சொல்றீங்களா? அவங்க எப்பவுமே நாடோடிங்க. ஒரு இடத்துல நிக்க மாட்டாங்க, யாருக்கும் அடங்க மாட்டாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரியும்.

மறுநாள் மேற்கே ஹொரேசு வழியாகத் திஸ்மானா போனோம். காட்டு மலைச் சரிவில் இருக்கிறது திஸ்மானா மடாலயம். நிக்கோடிம் என்ற துறவி 14ஆம் நூற்றாண்டில் நிறுவியது. இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வாலாக்கியாவில் ரோமா மக்களைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று இந்த மடாலயத்தின் சாசனம்தான். ஆண்டு 1385. முதலாம் தான் என்ற அரசன், தன் தகப்பனின் சகோதரன் விளாதிஸ்லாவ் முன்பு வொதித்சா மடாலயத்துக்குக் கொடுத்திருந்த சொத்துக்களைத் திஸ்மானாவுக்கு உறுதி செய்கிறான். அந்தச் சொத்துப் பட்டியலில் 40 குடும்பம் ஜிப்சிகள்.

இதை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரு மக்கள் கூட்டம் ஒரு நாட்டின் ஆவணத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. எப்படி? ஊராக வரவில்லை, பெயராக வரவில்லை, வந்து சேர்ந்த கதையாகவும் வரவில்லை. ஏற்கனவே ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குக் கைமாறிய சொத்தாக வருகிறது. 40 என்ற எண் இருக்கிறது. அந்த நாற்பதில் ஒரு ஆணின் பெயர் இல்லை, ஒரு பெண்ணின் பெயர் இல்லை. அரசன் பெயர் இருக்கிறது, துறவி பெயர் இருக்கிறது, புனிதர் பெயர் இருக்கிறது.

வடக்கே மோல்டாவியா நாட்டிலும் இதே கதைதான். அங்கே முதல் சான்று 1428. 'நல்லவன்' என்று பட்டப்பெயர் பெற்ற அலெக்சாந்தர் அரசன் பிஸ்திரித்சா மடாலயத்துக்கு 31 கூடாரம் ஜிப்சிகளைக் கொடுக்கிறான். யாருக்கு நல்லவன் என்று கேட்கத் தோன்றுகிறது.

நம்ம ஊர்க் கதை தெரிந்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ஆட்கள் கோயிலுக்கு விற்கப்பட்ட செய்தி கிடைக்கிறது. கோயிலைப் பார்க்கப் போகிறவன் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பான். அடித்தளத்துக் கல்லில் என்ன வெட்டியிருக்கிறதென்று குனிந்து பார்ப்பவன் குறைவு.

2. மூன்று எசமானர்கள்

வாலாக்கியாவிலும் மோல்டாவியாவிலும் அடிமைகளுக்கு மூன்று வகை எசமானர்கள் இருந்தார்கள். அரசனுடைய அடிமைகள், மடாலயத்தின் அடிமைகள், 'பொயார்' எனப்பட்ட நிலப்பிரபுக்களின் அடிமைகள். ரொப் என்றால் ருமேனிய மொழியில் அடிமை. ஜிப்சியைக் குறிக்கும் 'ட்சிகான்' என்ற சொல்லும் அந்த நாடுகளில் கிட்டத்தட்ட அதே பொருளில்தான் புழங்கியது. இன்ன சாதி என்று சொன்னாலே இன்ன நிலைமை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

1818இல் வாலாக்கியாவில் காராஜா என்ற ஆட்சியாளன் சட்டத் தொகுப்பு ஒன்று வெளியிட்டான். ஐரோப்பாவில் பிரெஞ்சுப் புரட்சி நடந்து முப்பது வருசம் ஆன பிறகு வந்த சட்டம். அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை அடிமை என்று அது சொல்கிறது. எசமான் தன் ஜிப்சிகளை விற்கலாம், தானமாகக் கொடுக்கலாம், கொல்ல மட்டும் கூடாது. அடிமையும் சுதந்திர ஆளும் எசமானுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்தால் பிரித்துவிட வேண்டும். பிறப்பால் வருகிற இழிவு, கலப்பு மணத்துக்குத் தடை. சட்டம் எழுதியவன் மனுவைப் படித்திருக்க மாட்டான். ஆனால் அதிகாரத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் புத்தி வேலை செய்கிறது.

இவர்கள் செய்த வேலை என்ன? பெயர்களே சொல்லும். ஆற்று மணலில் பொன் அரித்து அரசனுக்குக் கட்டியவர்கள் அவுராரி. மரக்கரண்டி செதுக்கியவர்கள் லிங்குராரி. கரடி வித்தை காட்டியவர்கள் உர்சாரி. ஊர் ஊராகப் போய்க் கொல்லு வேலையும் பாத்திர வேலையும் செய்து எசமானுக்கு ஆண்டுதோறும் வரி கட்டியவர்கள் லாயெஷி. பொயார் வீட்டு அடுப்படியிலும் தொழுவத்திலும் வயலிலும் கிடந்தவர்கள் வாத்ராஷி.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். ஊர் ஊராகச் சுற்றியவர்களும் அடிமைகள்தான். சுற்றுவதற்கும் எசமானுக்கு வரி கட்டியாக வேண்டும். 'நாடோடி' என்பதைச் சுதந்திரம் என்று நினைத்தவர்கள் இந்த வரிக்கணக்கைப் பார்த்ததில்லை.

திஸ்மானாவுக்குப் போகும் வழியில், சாலையோரக் கடை ஒன்றில் வேன் நின்றது. ஹொரேசு மண்பாண்டங்கள் அடுக்கியிருந்தன. சேவல் வரைந்த தட்டுகள். அந்தக் கலையை 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மரக்கரண்டிகள் கட்டுக்கட்டாகத் தொங்கின. தட்டைப் பற்றி வழிகாட்டி பத்து நிமிசம் பேசினார். கரண்டியை "இது எங்க நாட்டுப்புறக் கலை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். எங்க என்பதில் யார் யார் அடக்கம்? நான் ஒரு கரண்டி வாங்கினேன். ஒரே மரத்துண்டு. காம்பு நுனியில் சின்னதாக ஒரு பூ. லிங்குராரி என்று ஒரு அடிமை வகையே இருந்த நாட்டில் கரண்டிக்கு வரலாறு இல்லாமல் போகுமா?

ராத்திரி விருந்திலும் அதே கதை. மேசையில் ஆட்டுப் பாலாடைக்கட்டி, சோளக்களி, பிளம் சாராயம். ஓரத்தில் நின்று மூன்று பேர் வயலினும் அக்கார்டியனும் வாசித்தார்கள். லவுத்தாரி என்று பெயர். பொயார் வீட்டு விருந்துகளில் வாசித்த அடிமைக் கலைஞர்களிடமிருந்து வளர்ந்து வந்த மரபு அது. நன்றாக வாசித்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். சாப்பாடு பரிமாறியபோது அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் அடித்துவிட்டுக் கடைசியில் தனியே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்களின் பிள்ளை நான். எனக்கு அந்தக் களி இறங்கவில்லை.

3. கோட்டைக்கு வெளியே

திஸ்மானாவிலிருந்து திரும்பி, ஜியு ஆற்றுப் பள்ளத்தாக்கின் சுரங்க ஊர்கள் வழியாக வடக்கே ஏறினால் மலைக்கு அந்தப் பக்கம் டிரான்சில்வேனியா. இது பழைய காலத்தில் வேறு நாடு. ஹங்கேரியோடும், பிறகு ஹாப்ஸ்பர்க் பேரரசோடும் இருந்தது. சாக்சன் என்கிற ஜெர்மானியக் குடியேறிகள் கட்டிய மதில் நகரங்கள் இங்கே உண்டு. சிபியு நகரத்து வீட்டுக் கூரைகளில் கண் மாதிரி சன்னல்கள். ஊரே நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

வாலாக்கியாவைப் போல எல்லா ரோமாவும் அடிமை என்ற சட்டம் இங்கே இல்லை. ஆனால் வேறு வகை வன்முறை இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் மரியா தெரேசா ராணியும் அவள் மகன் இரண்டாம் ஜோசப்பும் இவர்களைத் 'திருத்த' முடிவு செய்தார்கள். கூடாரம் கூடாது, குதிரை கூடாது, சொந்த மொழி கூடாது, சொந்த உடை கூடாது. ஜிப்சி என்ற பெயரே கூடாது, 'புதிய ஹங்கேரியர்' என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு குடும்பங்களில் வளர்க்க வேண்டும். பெயரை மாற்றினால் இழிவு போய்விடும் என்று மேலே இருக்கிறவர்கள் நினைப்பதும், பெயர் மாறிய பிறகும் சேரி சேரியாகவே இருப்பதும் நமக்குப் பழக்கம்.

சிபியுவிலிருந்து சிகிஷ்வாரா போகிற பாதையில் பிராத்தேயு என்றொரு கிராமம். செம்புப் பாத்திரம் அடிக்கும் ரோமா குடும்பங்கள் சாலையோரத்தில் அண்டா, குடம், சாராயம் காய்ச்சும் பானை என்று பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் வேனில் மராட்டிய தலித் கவிஞர் ஒருவர் வந்திருந்தார். என்னைவிட மூத்தவர், நான் அவரைத் 'தாதா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்தார். கடைக்காரப் பெரியவர் குடத்தைச் சுட்டி, தண்ணீர் ஊற்றுகிற மாதிரி சைகை காட்டி, "பாணி" என்றார்.

தாதாவின் முகம் மாறிவிட்டது. தண்ணீருக்கு மராட்டியிலும் பாணிதான். மூக்கைத் தொட்டுக் காட்டினார். "நாக்" என்றார் பெரியவர். மராட்டியிலும் நாக். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச். ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் கிரேக்கம். வழியில் கிரேக்கர் நாட்டில் வெகுகாலம் தங்கியதற்கு அந்த மூன்று எண்ணே சாட்சி. கடைசியில் பெரியவர் தன் நெஞ்சையும் தாதாவின் நெஞ்சையும் தொட்டு "மனுஷ், மனுஷ்" என்றார். அந்தச் சொல்லுக்கு எனக்கும் அகராதி வேண்டியிருக்கவில்லை.

ரோமா மக்களின் முன்னோர்கள் ஆயிரம் வருசத்துக்கும் முன்னால் இந்தியாவின் வடமேற்கிலிருந்து கிளம்பினார்கள் என்பதை மொழி ஆய்வும் மரபணு ஆய்வும் சொல்கின்றன. ரோம் என்ற பெயரே 'டோம்' என்ற சாதிப் பெயரிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. காசியில் இன்றைக்கும் பிணம் எரிக்கிறவர்கள் டோம். அதற்காக, அங்கே போனவர்கள் எல்லோரும் இன்ன சாதி என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். போர்வீரர்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு, பல சாதிக் கலப்பு என்பாரும் உண்டு. அவர்கள் யார் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2016இல் தில்லியில் ரோமா மாநாடு நடந்தபோது, அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அவர்களை இந்தியாவின் பிள்ளைகள் என்று கொண்டாடினார். ஆயிரம் வருசம் முன்னால் போனவர்கள் பிள்ளைகளாம். சரி, போகாமல் இங்கேயே தங்கி மலக்குழிக்குள் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கிறவர்கள் யார் பிள்ளைகள்?

சிகிஷ்வாராவில் ட்ராகுலா பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டினார்கள். கூட்டம் அலைமோதியது. அங்கிருந்து குளூஜ் நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஹடரெனி என்ற கிராமம் வந்தது. வேன் நிற்கவில்லை. பயணத் தாளில் அந்தப் பெயர் இல்லை.

1993 செப்டம்பர் 20ஆம் தேதி ராத்திரி, இந்தக் கிராமத்தில் ஒரு தகராறில் ரோமா அல்லாத இளைஞன் ஒருவன் கத்திக்குத்துப்பட்டு இறந்தான். ஊரே திரண்டது. ரோமா ஆண்கள் மூன்று பேரைக் கொன்றது. இரண்டு பேரை அடித்து, ஒருவரை வீட்டோடு எரித்து. 13 ரோமா வீடுகள் எரிந்தன. போலீஸ் அங்கேதான் இருந்தது. வழக்கு உள்ளூர் நீதிமன்றங்களில் இழுத்தடித்து, கடைசியில் 2005 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ருமேனிய அரசைக் குற்றவாளி என்றது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு தெருவையே கொளுத்துவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடி வழியே நான் பார்த்தது சாதாரணக் கிராமம். முற்றத்தில் கோழி மேய்ந்தது. இரண்டு நிமிசத்தில் கடந்துவிட்டோம்.

குளூஜ் அழகான நகரம், பல்கலைக்கழக ஊர். 2010 டிசம்பர் 17ஆம் தேதி, கடுங்குளிரில், நகரின் நடுவே கொஸ்தேய் தெருவில் இருந்த சுமார் 76 ரோமா குடும்பங்களை நகராட்சி காலி செய்தது. அனுப்பிய இடம் பட்டா ரிட். நகரத்துக் குப்பைமேடு இருக்கும் இடம். ஏற்கனவே குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ரோமா குடும்பங்கள் அங்கே இருந்தன. 40 குடும்பத்துக்கு ஆளுக்கொரு ஒற்றை அறை, பல குடும்பத்துக்குப் பொதுவாகக் குளியலறை. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நகரம் அழகாவது என்றால் யாரை எங்கே தள்ளுவது என்பதுதான் என்று அங்கே புரிந்தது.

4. இரண்டு சொற்கள்

குளூஜில் தங்கிய ராத்திரி நானும் தாதாவும் பெயர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

திஸ்மானா சாசனத்தில் வருகிற சொல் 'அட்சிகான்'. இன்றைய 'ட்சிகான்' அதன் வழி வந்தது. இது கிரேக்கச் சொல்லான 'அதிங்கனோய்' என்பதிலிருந்து வந்தது என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிற விளக்கம். அதற்குப் பொருள்: தொடாதவர், தீண்டாதவர். பைசாந்தியப் பேரரசில் பிறரைத் தொடுவதைத் தவிர்த்த ஒரு மதப்பிரிவுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு அது கிழக்கிலிருந்து வந்த இந்த அந்நியர்கள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1385இல் பெயரில்லாமல் எண்ணிக்கையாக எழுதப்பட்ட அந்த 40 குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே அடையாளம் தீண்டாமை என்ற சொல்தான்.

இன்னொரு சொல் நம்முடையது. 1987இல் ரோமா அடிமை வரலாற்றைப் பற்றி இயன் ஹான்காக் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவரே ரோமா, மொழியியல் பேராசிரியர். அந்த நூலின் தலைப்பு 'பாரையா சிண்ட்ரோம்'. பாரையா என்ற ஆங்கிலச் சொல் பறையர் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. பறையில் பிறந்த பெயரைப் போர்ச்சுக்கீசியரும் ஆங்கிலேயரும் ஒதுக்கப்பட்டவன் என்று பொருளாக்கி உலகம் முழுக்கக் கொண்டு போனார்கள். டான்யூப் கரையில் ஐந்நூறு வருசம் விற்கப்பட்ட ஒரு சனத்தின் துன்பத்துக்குத் தலைப்பு வைக்க, அந்தச் சனத்தின் பிள்ளைக்கே கையில் கிடைத்த சொல் நம்ம சொல். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ரோமா கதை எவரோ ஒருவருடைய கதை என்று நம்மால் சொல்ல முடியாது.

1971 ஏப்ரல் 8ஆம் தேதி லண்டனுக்கு அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு, பிறர் சூட்டிய பெயர்களை மறுத்து 'ரோம்' என்பதையே தங்கள் பெயராக அறிவித்தது. ரோம் என்றால் அவர்கள் மொழியில் ஆண், கணவன். அதற்கு அடுத்த ஆண்டு, 1972இல், பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம் எழுந்தது. ஒருவரை ஒருவர் அறியாமலே இரண்டு சனமும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லத் தொடங்கினார்கள். ருமேனியாவில் அதற்கும் எதிர்ப்பு வந்தது. ரோமா என்பது ருமேனியா என்பதோடு குழம்புகிறதாம், உலகம் தங்களைத் தப்பாக நினைக்கிறதாம். அதனால் சட்டப்படி ட்சிகான் என்றே அழைக்க வேண்டும் என்று 2010இல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 2011இல் செனட் அதைத் தள்ளிவிட்டது.

5. யாருக்கு இழப்பீடு

குளூஜிலிருந்து கிழக்கே மலை தாண்டினால் புக்கொவினா. சுவருக்கு வெளிப்புறமும் ஓவியம் தீட்டிய மடாலயங்கள். வொரொனெட்ஸ் 1488இல் மகா ஸ்தெஃபான் அரசன் கட்டியது. வெளிச்சுவர் ஓவியங்கள் 1547இல் தீட்டப்பட்டவை. மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு. நல்லவர்கள் ஒரு பக்கம், நரக நெருப்பு ஒரு பக்கம். நீலம் அப்படியே கண்ணில் ஒட்டிக்கொள்ளும். நானும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகை அழகில்லை என்று சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இந்தப் பகுதியை 1775இல் ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது. 1783இல் இரண்டாம் ஜோசப் இங்கே அடிமை முறையை ஒழித்தான். பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்ன அதே ஜோசப்தான். எல்லைக்கு அந்தப் பக்கம், சொந்த அரசும் சொந்தத் திருச்சபையும் இருந்த மோல்டாவியாவில், அது ஒழிய இன்னும் 72 வருசம் ஆனது.

கடைசி ஊர் யாஷ், மோல்டாவியாவின் பழைய தலைநகரம். பல்கலைக்கழகத்துக்கு முன்னால் மிஹாய்ல் கொகல்னிச்சியானுவின் சிலை. இந்த ஊரிலேயே 1817இல் பொயார் குடும்பத்தில் பிறந்தவர். 1837இல், இருபது வயதில், பெர்லினில் படிக்கும்போது ஜிப்சிகளின் வரலாறு, வழக்கம், மொழி பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். 1891இல், கிழவரான பிறகு, ருமேனிய அகாதெமியில் பேசும்போது இளவயதில் யாஷ் தெருக்களில் தான் கண்டதைச் சொன்னார். கையிலும் காலிலும் விலங்கு பூட்டிய மனிதர்கள், சிலருக்கு நெற்றியிலும் கழுத்திலும் இரும்பு வளையம், சவுக்கடி, பட்டினி, பனியில் அம்மணமாகத் தள்ளுவது. பொயார் வீட்டுப் பிள்ளை தன் கண்ணால் பார்த்துச் சொன்ன சாட்சியம் இது.

விடுதலை ஒரே நாளில் வரவில்லை. வாலாக்கியாவில் அரசு அடிமைகளுக்கு 1843, மடாலய அடிமைகளுக்கு 1847. மோல்டாவியாவில் 1844. கடைசியாகப் பொயார்களின் அடிமைகள்: மோல்டாவியாவில் 1855 டிசம்பர், வாலாக்கியாவில் 1856 பிப்ரவரி 20. மொத்தம் விடுதலையானவர்கள் சுமார் 2,50,000 பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

மோல்டாவியாவின் கடைசிச் சட்டத்துக்கு முன்னால் ஒரு சாவு நடந்தது. டின்கா என்பவன் கந்தகூசினோ என்ற பொயார் வீட்டு அடிமை. அந்த வீட்டு ஆண் ஒருவனுக்கே முறைதவறிப் பிறந்தவன், படித்தவன். ஒரு பிரெஞ்சுப் பெண்ணோடு வாழ விரும்பினான். கல்யாணத்துக்கு எசமான் வீடு சம்மதிக்கவில்லை. அவளைக் கொன்றுவிட்டுத் தானும் செத்தான். அவளுடைய சாவுக்கு அவன் கைதான் காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஊர் அதிர்ந்துபோனது, ஆட்சியாளன் கீக்கா சட்டத்தை விரைவுபடுத்தினான் என்பார்கள். பெயரில்லாமல் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதிராத ஊர் அது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அரசு இழப்பீடு கொடுத்தது, எசமானர்களுக்கு. மோல்டாவியாவில் வீட்டு அடிமைக்கும் கரண்டி செதுக்குகிறவனுக்கும் தலைக்கு 8 பொற்காசு, ஊர் சுற்றும் லாயெஷிக்கு 4. வாலாக்கியாவில் தலைக்கு 10. அதற்கு முன்பே, 1844இல் மோல்டாவியாவில் விடுதலையானவர்கள் கட்டிய வரிப்பணத்தை ஒரு நிதியில் சேர்த்து, விற்பனைக்கு வரும் பொயார் அடிமைகளை வாங்கி விடுவிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அதாவது அடிமையின் விலையை அடிமையே கட்ட வேண்டும். நூற்றாண்டுக்கணக்கில் உழைத்த கூலி? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரும்பாலோர் கையில் நிலமில்லாமல் வெளியே வந்தார்கள். பலர் பழைய எசமானின் வாசலுக்கே கூலிக்குத் திரும்பினார்கள்.

மிச்சக் கதையும் யாஷுக்கு அப்பால்தான் நடந்தது. 1942இல் சர்வாதிகாரி அன்தொனெஸ்கு சுமார் 25,000 ரோமா மக்களை நிஸ்தர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டிரான்ஸ்நிஸ்திரியாவுக்கு நாடு கடத்தினான். ஊர் சுற்றியவர்களை முதலில், பிறகு வீடு வாசலோடு இருந்தவர்களை ரயிலில். பூக் ஆற்றங்கரையில் பசியிலும் குளிரிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் சுமார் 11,000 பேர் செத்தார்கள். அடிமை முறை ஒழிந்து ஒரு நூற்றாண்டு கூட முடியவில்லை.

2021 கணக்கெடுப்பில் தங்களை ரோமா என்று சொல்லிக்கொண்டவர்கள் சுமார் 5,70,000 பேர். உண்மையில் அதைப்போல மூன்று மடங்கு இருக்கலாம் என்று ஐரோப்பிய கவுன்சில் மதிப்பிடுகிறது. மீதிப் பேர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு நமக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. நகரத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்களைக் கேட்டால் போதும்.

சிலையடியில் வழிகாட்டி எப்போதும் போலப் பிறந்த ஆண்டு, வகித்த பதவி எல்லாம் சொல்லி முடித்தார். நான் நோட்டை அவரிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்த பக்கங்களை நின்றவாக்கிலேயே படித்தார். "கொகல்னிச்சியானுவை எங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். அடிமைகளை விடுவிச்சார்ங்கிற வரியும் படிச்சிருக்கேன். யாரோட அடிமைகள்னு யோசிச்சதே இல்ல. மடாலயத்தோட அடிமைகள்னு எங்க பள்ளிக்கூடத்துல எனக்கு யாரும் சொல்லல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, திஸ்மானாவின் ஆண்டையும் எண்ணையும் மட்டும் தன் பயணத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். 1385, 40.

அடுத்த குழுவுக்கு அதைச் சொன்னாரா, தெரியாது. ஆனால் சொல்ல வைக்கிற வேலையை ரோமா இயக்கங்கள் செய்துகொண்டிருக்கின்றன. 2011 முதல் பிப்ரவரி 20 அடிமை ஒழிப்பு நினைவு நாளாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2015இல் ராது ஜூதே எடுத்த 'அஃபெரிம்' என்ற படம், 1835ஆம் ஆண்டு வாலாக்கியாவில் தப்பியோடிய அடிமையைத் தேடிப் போகும் கதையை ருமேனியர்கள் முகத்துக்கு நேரே காட்டி, பெர்லின் விழாவில் இயக்கத்துக்கான வெள்ளிக் கரடிப் பரிசும் வாங்கியது. வரலாறு தானாக வெளியே வராது. யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்ம பிள்ளைகளும் பள்ளிக்கூடத்திலிருந்து பேருந்தில் கோயில்களுக்குச் சுற்றுலா போகிறார்கள். ஒரு ஆசிரியர் கோபுரத்தின் உயரத்தைச் சொல்வார். கூடப் போகிற நம்ம தோழர் ஒருவர், அந்தக் கல்வெட்டில் எண்ணிக்கையாக மட்டும் எழுதப்பட்டவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

அந்த மரக்கரண்டி இப்போது என் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. தினமும் குழம்பு கிண்டுகிறோம்.